ஒரே டிஸ்க் ஏன் நான்காகத் தெரிகிறது? சர்வரை ஃபைபர் வழியே ஸ்டோரேஜுடன் இணைப்பது பற்றி

கேள்வி, சுருக்கமாக: கோத்தகிரியில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைச் சேமிப்பதற்காக இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்குகளை இயக்கும் மூளைப் பகுதி) கொண்ட ஸ்டோரேஜ் ஒன்றும், இரண்டு ஃபைபர் சேனல் சுவிட்சுகளும், இரண்டு லினக்ஸ் சர்வர்களும் வாங்கியிருக்கிறோம். எல்லாம் 16 ஜிகாபிட். சர்வர்களும் சுவிட்சுகளும் பழைய கட்டடத்தில் இருக்கின்றன. ஸ்டோரேஜ் புதிய பிளாக்கில் இருக்கிறது. இடையில் 180 மீட்டர் ஓஎம்3 வகை ஃபைபர் கேபிள். முதல் சர்வரில் ஒரே டிஸ்க் நான்காகத் தெரிகிறது. படங்கள் மொத்தமாக ஏறும்போது எல்லாம் உறைந்து நின்று, பிறகு தானாகத் தொடர்கிறது. இரண்டாவது சர்வருக்கும் இதே டிஸ்கைக் கொடுத்துவிடலாமா?

பதில்:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, இன்னும் மவுன்ட் செய்யாமல் (அதாவது சர்வரில் பயன்பாட்டுக்குத் திறக்காமல்) வைத்திருந்தால், ஸ்டோரேஜின் மேலாண்மைத் திரையில் இப்போதே அந்த அனுமதியை நீக்கிவிடுங்கள்.

ஃபைபர் சேனல் வழியே ஸ்டோரேஜ் உங்களுக்குத் தருவது வெறும் டிஸ்க். அதைத்தான் லன் என்கிறோம். அலுவலகத்தில் பலரும் திறந்து பயன்படுத்தும் பகிர்வு ஃபோல்டர் வேறு வகை. அங்கே யார் எதை எழுதுகிறார்கள் என்று கவனித்து ஒழுங்குபடுத்த நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது. லன்னுக்கு அப்படி நடுவர் யாரும் கிடையாது. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற வழக்கமான ஃபைல் சிஸ்டங்கள், டிஸ்க் முழுவதும் தங்கள் ஒரு சர்வருக்கே உரியது என்ற நம்பிக்கையில் இயங்குகின்றன. எந்த இடம் காலியாக இருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில், ஒரே பேரேட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்தர்கள், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், தத்தம் கணக்கில் ‘அடுத்த காலி வரி’ என்று நினைத்த இடத்தில் எழுதிக்கொண்டே போனால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும். இதில் கொடுமை என்னவென்றால், சேதம் உடனே வெளியே தெரியாது. முதல் சில நாட்கள் எல்லாம் நன்றாகவே நடப்பதுபோல இருக்கும். தெரியவரும்போது, நீங்கள் எடுத்துவைத்த பேக்கப்பிலும் அதே சேதம் ஏறியிருக்கும்.

‘இரண்டாவது சர்வரில் படிப்பதற்கு மட்டும் என்று மவுன்ட் செய்தால் போதாதா?’ என்று அடுத்துத் தோன்றும். போதாது. இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே, படிப்பதற்கு மட்டும் என்று மவுன்ட் செய்தாலும், முடிக்கப்படாத வேலை ஜர்னலில் (செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) இருந்தால் அதை முதலில் டிஸ்கில் எழுதி முடிக்கப் பார்க்கும். முதல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கையில் அதன் ஜர்னலில் எப்போதும் பாதி வேலை இருக்கும். ஆக, படிக்க வந்தவர் முதல் காரியமாக எழுதிவிடுகிறார்.

இரண்டாவது சர்வர் எதற்கு என்பதைப் பொறுத்து வழி மாறும். முதல் சர்வர் விழுந்தால் இது எழுந்து நிற்க வேண்டும் என்றால், கிளஸ்டர் மென்பொருள் போட்டு, எந்த நேரத்திலும் ஒரே ஒரு சர்வர் மட்டும் லன்னை மவுன்ட் செய்யும்படி அமைக்க வேண்டும். அதில் ஃபென்சிங் என்ற பகுதியைத் தவிர்க்கவே கூடாது: விழுந்ததாகக் கருதப்படும் சர்வர் உண்மையில் உயிரோடிருந்து எழுதிக்கொண்டிருந்தால், அதன் கையைக் கட்டுவது அதுதான். இரண்டு சர்வர்களும் ஒரே நேரத்தில் படங்களைப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே தேவை என்றால், முதல் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் என்ற ஃபோல்டர் பகிர்வு முறை வழியாகச் சாதாரண நெட்வொர்க்கில் பகிர்ந்துவிடுங்கள். ஜிஎஃப்எஸ்2 போன்ற, பல சர்வர்கள் ஒன்றாக எழுதக்கூடிய ஃபைல் சிஸ்டங்களும் உண்டு. ஆனால் ஓரிருவர் பார்த்துக்கொள்ளும் கணினிப் பிரிவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நள்ளிரவில் அது சிக்கிக்கொண்டால் அவிழ்க்க ஆள் வேண்டும்.

இனி, நான்கு டிஸ்க்.

அது கோளாறு இல்லை. சரியாக இணைத்திருக்கிறீர்கள் என்பதற்கு நல்ல அறிகுறி. சர்வரில் ஃபைபர் கேபிளைச் செருகும் எச்பிஏ அட்டைக்கு இரண்டு போர்ட்டுகள். ஒன்று முதல் சுவிட்சுக்குப் போகிறது, மற்றது இரண்டாவது சுவிட்சுக்கு. ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் ஆளுக்கொரு வழி. இரண்டு இரண்டு நான்கு. லினக்ஸ் ஒவ்வொரு வழியையும் தனி டிஸ்க் என்று எண்ணி எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று பெயர் வைத்துவிடுகிறது. நான்கின் அடையாள எண்ணையும் கேட்டுப் பாருங்கள். ஒரே எண்ணைத்தான் சொல்லும். இந்த நான்கையும் சேர்த்து ஒரே சாதனமாகக் காட்டுவது மல்டிபாத் மென்பொருளின் வேலை. அதை இயக்கிவிட்டால் எம்பாத்ஏ என்பதுபோல ஒரு பெயர் வரும். அதன் மீதுதான் ஃபைல் சிஸ்டத்தை உருவாக்க வேண்டும். எஸ்டிபியை நேராக மவுன்ட் செய்தாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த ஒரு வழி போன அன்று, மற்ற மூன்று வழிகளும் சும்மா நிற்க, டிஸ்க் போய்விடும்.

மல்டிபாத் பட்டியலில் நான்கு வழிகளும் இரண்டு குழுக்களாகப் பிரிந்திருக்கும். ஒரு குழுவுக்கு முன்னுரிமை எண் 50, மற்றதற்கு 10 என்று தெரிந்தால் அதுவும் சரியே. இந்த வகை ஸ்டோரேஜில் ஒவ்வொரு லன்னுக்கும் ஒரு கன்ட்ரோலர் உரிமையாளர். அதற்கு நேரே போகும் இரண்டு வழிகள் முதல் குழுவில். அடுத்த கன்ட்ரோலர் வழியாகச் சுற்றிப் போகும் இரண்டு வழிகள் மாற்றுக் குழுவில். இந்த ஏற்பாட்டுக்கு அலுவா என்று பெயர். ஸ்டோரேஜில் சர்வரைப் பதிவு செய்யும்போது இயங்குதளம் லினக்ஸ் என்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே தவறாக இருந்தால் இந்தக் குழு பிரிப்பு குழம்பிவிடும்.

கேபிள்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை ரேக்குக்கு முன்னால் நின்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கன்ட்ரோலர் ஒன்றின் முதல் போர்ட் சுவிட்ச் ஒன்றுக்கு, இரண்டாவது போர்ட் சுவிட்ச் இரண்டுக்கு. கன்ட்ரோலர் இரண்டும் அப்படியே. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று கன்ட்ரோலர் ஒன்றின் இரண்டு கேபிள்களையும் சுவிட்ச் ஒன்றிலேயே செருகிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்போதும் மொத்தம் நான்கு வழிகள் தெரியும். எண்ணிக்கை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு சுவிட்ச் அணைந்தால் ஒரு கன்ட்ரோலரே சர்வரின் பார்வையிலிருந்து மறைந்துவிடும். மின்சாரம் போய் வரும் ஊரில் இந்த ஏற்பாடு ஆபத்தானது.

இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையில் கேபிள் போட்டு இணைக்காதீர்கள். இணைத்தால் இரண்டும் ஒரே வலையமைப்பாகிவிடும். ஜோனிங்கில் (எந்தப் போர்ட் எதைப் பார்க்கலாம் என்ற சுவிட்ச் அமைப்பில்) ஒருவர் செய்யும் ஒரு பிழை ஒரே நொடியில் இரண்டு சுவிட்சுகளிலும் அமலாகிவிடும். தனித்தனியாக இருந்தால், ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் மருத்துவமனையை ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஜோனிங்கை எளிமையாக வையுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 பதினறும எழுத்துகள் கொண்ட உலகளாவிய பெயர் உண்டு. ஒரு ஜோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட், அது பார்க்க வேண்டிய ஸ்டோரேஜ் போர்ட்டுகள். வேறு எதுவும் வேண்டாம். உங்கள் கணக்குக்கு ஒரு சுவிட்சில் இரண்டு ஜோன், மொத்தம் நான்கு. இரண்டு சர்வர்களையும் ஒரே ஜோனில் போட்டால், ஒன்று ரீஸ்டார்ட் ஆகும்போது எழும் அறிவிப்புகள் மற்றதையும் தொந்தரவு செய்யும். முழு அட்டையின் பெயரும் போர்ட்டின் பெயரும் ஒரே மாதிரி தோற்றமளிக்கும். போர்ட்டின் பெயரையே எடுங்கள். முடித்ததும் அமைப்பைச் சேமித்தீர்களா, இயக்கினீர்களா என்று இரண்டையும் பாருங்கள். சில சுவிட்சுகளில் அவை தனித்தனிக் கட்டளைகள். சேமித்துவிட்டு இயக்க மறந்தால், எழுதிய ஜோன் அமலுக்கு வராது.

இப்போது உறைந்து நிற்கும் சிக்கலுக்கு வருகிறேன். இதற்கு விடை நீங்கள் எழுதிய ‘180 மீட்டர் ஓஎம்3’ என்ற சொற்களிலேயே இருக்கிறது.

பச்சை கலந்த நீல உறை போட்ட ஓஎம்3 கேபிளில், 850 நானோமீட்டர் ஒளியில், 16 ஜிகாபிட் ஃபைபர் சேனலுக்கு வரம்பு 100 மீட்டர். 8 ஜிகாபிட்டுக்கு 150 மீட்டர். 4 ஜிகாபிட்டுக்கு 380 மீட்டர். வேகம் கூடக் கூடத் தூரம் குறையும். 50 மைக்ரான் அகலமுள்ள அந்த இழைக்குள் ஒளி பல பாதைகளில் பிரிந்து போவதால், ஒவ்வொரு துடிப்பும் போகப் போக அகன்று அடுத்த துடிப்பின் மேல் படிகிறது. விளக்கு பச்சையாக எரியும், இணைப்பு எழுந்து நிற்கும். ஆனால் அவ்வப்போது ஒரு ஃபிரேம் (தரவுப் பொட்டலம்) சிதைந்து போய்ச் சேரும். சிதைந்த ஃபிரேமைப் பெறும் பக்கம் எறிந்துவிடும். டிஸ்குக்குப் பயன்படும் ஃபைபர் சேனல் வகையில், தொலைந்த ஃபிரேமைக் கீழ்மட்டத்தில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மேலே இருந்து டிஸ்க் கட்டளைகளைக் கையாளும் ஸ்கஸி அடுக்குதான் பதில் வரவில்லை என்று காத்திருந்து, பிறகு மறுபடி கேட்க வேண்டும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 30 விநாடி வரை போகலாம். உங்கள் எக்ஸ்-ரே பிரிவில் திரை உறைந்து நிற்பது அந்த விநாடிகள்தான்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. சுவிட்சில் பிழை எண்ணிக்கைகளைப் பூஜ்யமாக்கிவிட்டு, படங்களை மொத்தமாக ஏற்றும் வேலையை நடத்தி, ஒரு மணி நேரம் கழித்து, சிதைந்து வந்த ஃபிரேம்களைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணைப் பாருங்கள். ஸ்டோரேஜ் போர்ட்டுகளில் அது ஏறியிருக்கும், அதே அறைக்குள் இருக்கும் சர்வர் போர்ட்டுகளில் ஏறியிருக்காது என்றே எதிர்பார்க்கிறேன். ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தப் பிழை, ஒளியைப் பெறும் பக்கத்தில் எண்ணப்படுவது. எண் ஏறும் போர்ட்டைக் கழற்றி மாற்றுவதற்கு முன்னால், அதற்கு ஒளி வந்து சேரும் கேபிளையும், மறுமுனையில் ஒளியை அனுப்பும் எஸ்எஃப்பியையும் (போர்ட்டில் செருகும் சிறு ஒளிக் கருவியையும்) சந்தேகப்படுங்கள்.

கேபிள் முனைகளைத் துடைப்பதையும் அன்றே செய்துவிடுங்கள். பேனா வடிவக் கிளீனர் கிடைக்கிறது. வாயால் ஊதாதீர்கள், நம் மலைக் குளிரில் மூச்சு உடனே ஈரமாகப் படியும். பெறப்படும் ஒளியின் அளவைச் சுவிட்ச் டெசிபலில் காட்டும். முந்தைய அளவைவிட 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். எரியும் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

இன்றைக்கே செய்யக்கூடிய வைத்தியம்: ஸ்டோரேஜுக்குப் போகும் நான்கு இணைப்புகளையும், ஒவ்வொன்றாக, இரு முனைகளிலும் 4 ஜிகாபிட் என்று நிலையாக அமைத்துவிடுங்கள். 16 ஜிகாபிட் எஸ்எஃப்பிகள் இரண்டு படி இறங்கி 4 வரை பேசும். ஓர் இணைப்புக்கு விநாடிக்கு 400 மெகாபைட் கிடைக்கும். ஒரு மருத்துவமனையின் படங்களுக்கு அது தாராளம். உறைந்து நிற்பதோடு ஒப்பிட்டால் ஓடுவதே வேகம். (பின்னாளில் 32 ஜிகாபிட் சுவிட்ச் வாங்கினால் கவனம் தேவை, அதன் எஸ்எஃப்பி 8க்குக் கீழே இறங்காது.)

நிலையான தீர்வு என்று கேட்டால் பலரும் 9 மைக்ரான் சிங்கிள்மோடு கேபிளும் 1310 நானோமீட்டர் எஸ்எஃப்பிகளும் போடச் சொல்வார்கள். அது சரியான பதில்தான். 10 கிலோமீட்டர் வரை போகும், 180 மீட்டர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. நான்கு இணைப்புகளுக்கு எட்டு எஸ்எஃப்பி வாங்க வேண்டும். ஆனால் உங்களிடம் நான் வேறொன்று கேட்பேன்: ஸ்டோரேஜ் ஏன் புதிய பிளாக்கில் இருக்கிறது? தீ விபத்தோ மண்சரிவோ நேர்ந்தால் படங்கள் தப்ப வேண்டும் என்றால், அங்கே இருக்க வேண்டியது இரண்டாவது பிரதி. சர்வர் ஒரு கட்டடத்திலும் அதன் ஒரே ஸ்டோரேஜ் இன்னொரு கட்டடத்திலும் இருந்தால், எந்தக் கட்டடம் போனாலும் வேலை நிற்கிறது. பாதுகாப்பு கூடவில்லை, ஆபத்துதான் இரட்டிப்பாகியிருக்கிறது. ஸ்டோரேஜைச் சர்வர்களுக்குப் பக்கத்து ரேக்குக்குக் கொண்டுவாருங்கள். சில மீட்டர் ஓஎம்3 கேபிளில் 16 ஜிகாபிட் முழு வேகத்தில் ஓடும். புதிய பிளாக்கில் பேக்கப் பெட்டியை வையுங்கள். போட்ட 180 மீட்டர் கேபிள் அதற்குப் பயன்படட்டும்.

கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் போட்டது நல்ல முடிவு, அதை மாற்ற வேண்டாம். சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் நம் மலையில் கருகிப்போகும் நெட்வொர்க் போர்ட்டுகள் ஏராளம். இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே அளவில் இருப்பதில்லை; அருகில் இடி விழும்போது அந்த வித்தியாசம் செம்புக் கேபிள் வழியே பாய்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் எலி கடிக்காமல் இருக்க எஃகு உறை போட்ட கேபிளைத் தேர்ந்திருந்தால், அந்த எஃகு பாயவிடும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே உறையை வெட்டி எர்த் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரேக் வரை எஃகோடு வந்திருந்தால் ஃபைபர் போட்டதன் பலன் பாதி போயிற்று. புதிதாகப் போடுவதென்றால், உலோகமே இல்லாத கேபிளைக் கெட்டியான எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுப் புதைப்பதே என் தேர்வு.

அதோடு, நான்கு இணைப்புகளும் ஒரே பள்ளத்தில்தானே போகின்றன? தடுப்புச் சுவர் கட்ட ஜேசிபி வந்தால், அல்லது கார்த்திகை மழையில் சரிவு இறங்கினால், இரண்டு சுவிட்ச், இரண்டு கன்ட்ரோலர், நான்கு வழி எல்லாம் ஒரே நொடியில் ஒன்றுமில்லாமல் போகும். சில்வர் ஓக் மரத்தில் கட்டி வான்வழியாக இழுத்திருந்தால் இன்னும் மோசம். காற்றுக்கு மரமும் விழும், தாழ்ந்து தொங்கும் கேபிளைக் காட்டெருமையும் இழுத்துக்கொண்டு போகும். இணைப்புகளில் பாதி ஒரு வழியிலும் மறுபாதி வேறு வழியிலும் போனால்தான் அது இரண்டு பாதை.

அறையைப் பற்றிச் சுருக்கமாக. ‘கோத்தகிரியில் ஏசி எதற்கு?’ என்று நிர்வாகம் கேட்கும். ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் சங்கம் வகுத்த, சர்வர்களுக்கான பொதுவான ஏ2 வகைக்கு உச்ச வெப்பம் 35 டிகிரி. ஆனால் 900 மீட்டருக்கு மேலே ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மெல்லிய காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உங்கள் வரம்பு 32. வெளியே 18 டிகிரி இருந்தாலும், அடைத்த சிறிய அறைக்குள் ரேக் அதை எளிதில் தாண்டும். அதற்காக ஜன்னலைத் திறந்துவைத்தால் மூடுபனியின் நீர்த்துளிகள் உள்ளே வரும். வடிகட்டியோடு கூடிய காற்றோட்டமோ சிறிய ஏசியோ, ஏதாவது ஒன்று வேண்டும். இரவு முழுவதும் குளிர்ந்த கிடங்கில் கிடந்த புதிய டிஸ்கை நேராகக் கொண்டுவந்து செருகாதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை உறையோடு வைத்திருங்கள், இல்லையென்றால் அதன் மேல் பனி பூக்கும்.

மின்வெட்டுக்குப் பிறகு எழுப்பும் வரிசை: முதலில் சுவிட்சுகள், பிறகு ஸ்டோரேஜ், அது முழுமையாகத் தயாரான பின்பே சர்வர்கள். அணைக்கும்போது தலைகீழ். யுபிஎஸ் தீர்ந்து எல்லாம் அணைந்து, மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழுந்தால், ஸ்டோரேஜ் கண் விழிக்கும் முன்பே சர்வர் தேடிவிட்டு டிஸ்க் இல்லை என்று நின்றுவிடும். சர்வர்களின் பயாஸில் மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்து இயங்கும்படி அமைக்கலாம். இரண்டு சுவிட்சுகளையும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருந்தால் ஒன்றை மாற்றுங்கள். ஒரு சர்வரில் லினக்ஸை மறுபடி நிறுவ நேர்ந்தால், அதன் ஃபைபர் கேபிள் இரண்டையும் கழற்றிவிட்டு நிறுவுங்கள். நிறுவும் நிரல் உங்கள் படங்கள் இருக்கும் லன்னைக் காலி டிஸ்க் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் முடிந்த பின், நோயாளிகளின் படங்களை ஏற்றுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்யுங்கள். பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுத விட்டுவிட்டு, சர்வரின் ஒரு கேபிளைக் கழற்றுங்கள். நான்கு வழிகள் இரண்டாகக் குறைய வேண்டும். எழுதுவது சில விநாடி தயங்கித் தொடர வேண்டும். திரும்பச் செருகி, நான்கும் திரும்பி வந்ததைப் பட்டியலில் பார்த்த பிறகு, ஸ்டோரேஜ் பக்கம் ஒரு கேபிள்: மூன்று மிஞ்ச வேண்டும். பிறகு ஒரு சுவிட்சை அணையுங்கள்: இரண்டு. பிறகு ஒரு கன்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்: மறுபடி இரண்டு, முன்னுரிமைக் குழு மாறியிருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை விநாடி நின்றது, எந்த வழி போனது என்று குறித்து, அந்தத் தாளை ரேக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். எந்தப் படியிலாவது எண்ணிக்கை நான் சொன்னதற்கு மாறாக வந்தால் அடுத்த படிக்குப் போகாமல், எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, ஜோன்களில் என்ன இருக்கிறது, மல்டிபாத் பட்டியல் என்ன காட்டுகிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.